டிஃப்யூசரை விடிய விடிய ஓடவிட வேண்டாம்

வணக்கம். லாவெண்டர் எண்ணெயைத் தலையணையில் நேரடியாகச் சொட்டி, வாசத்தை அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவியையும் இரவு முழுக்க ஓடவிட்டும் தூக்கம் வரவில்லை, காலையில் தலைவலிதான் மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. அளவுதான் உங்களைப் படுத்துகிறது என்று நினைக்கிறேன்.

ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தாலே மூக்கு பழகிவிடும். வாசம் தெரியவில்லையே என்று இன்னும் நாலு சொட்டு விடுவோம். காற்றில் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். படுப்பதற்கு அரை மணி முன்பு 2, 3 சொட்டு போதும். விளக்கை அணைக்கும்போது டிஃப்யூசரையும் நிறுத்திவிடுங்கள். தலையணை உறையைத் துவைத்துவிடுங்கள். எதிலும் கலக்காத எண்ணெய் கன்னத்தில் பட்டால் சிலருக்கு எரிச்சல் வரும்.

வாரம் ஒரு எண்ணெய் மாற்றுவதாகவும் சொன்னீர்கள். அதை விடுங்கள். மணத்தை உணரும் நரம்புப் பாதை, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளோடு நெருங்கிய தொடர்புள்ளது. தினமும் ஒரே மணம், ஒரே நேரம் என்றிருந்தால்தான் ‘இது தூங்கும் நேரம்’ என்று உடம்பு பழகும். லாவெண்டர் பிடிக்காவிட்டால் பிடித்த வேறொன்றை எடுங்கள்.

அறையில் பூனை படுக்கும் என்றீர்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. பல வாசனை எண்ணெய்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. டீ ட்ரீ எண்ணெய் வேண்டவே வேண்டாம். டிஃப்யூசர் ஓடும்போது பூனை அறைக்கு வெளியே இருக்கட்டும்.

வாரத்தில் 3 இரவாவது, 3 மாதமாக இப்படியே தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தூக்கமின்மைக்கென்றே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை) இருக்கிறது, அதைக் கேளுங்கள்.