அப்பாவின் ‘நல்ல தூக்கம்’தான் கவலை

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பல வருட பீடிப் பழக்கம்; சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்) என்று சொல்லி, வீட்டில் கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) நிமிடத்துக்கு 1 லிட்டர் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து இரவில் 4 லிட்டர் வைக்கிறோம், ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டுகிறது. தூக்க மாத்திரையும் கொடுக்கிறோம். இப்போது பகலிலும் நன்றாகத் தூங்குகிறார். காலையில் தலைவலி மட்டும்தான். வீடியோவில் சொல்வதுபோல் குப்புறப் படுக்க வைக்கலாமா? எந்தப் பக்கம் ஒருக்களிப்பது நல்லது? ஆக்சிஜனுக்கு அடிமையாகிவிடுவாரா?

பதில்: இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். காலையில் தலைவலி, பகலெல்லாம் அசத்தல் என்றால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறதோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு அது தெரியாது. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏபிஜி பரிசோதனையில்தான் தெரியும்.

98-ஐப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். இவருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். கெட்டுப்போன பகுதிகளுக்கு ரத்தம் வீணாகப் போகாதபடி நுரையீரல் தானே அங்குள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். ஆக்சிஜனைக் கொட்டினால் அவை விரிந்துவிடும். காற்று சரியாகப் போகாத இடத்துக்கு ரத்தம் ஓடும். கரியமில வாயு வெளியேறாமல் தங்கும். மூச்சின் வேகமும் தளரலாம். அதன் மேல் தூக்க மாத்திரை வேறு! யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? இன்று இரவு அது வேண்டாம்.

ஆக்சிஜனை 1 லிட்டருக்கு இறக்குங்கள். பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். ஆக்சிமீட்டர் அளவு முன்பைவிடக் கீழே சரியும். 1 லிட்டரில் 88-க்குக் கீழேயே நின்றாலும், எழுப்பினால் விழிக்காவிட்டாலும், பேச்சு குழறினாலும், நீட்டிய கைகள் உதறினாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏபிஜியில் கரியமில வாயு அதிகம் என்று வந்தால் பை-பேப் தேவைப்படலாம். மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தரும் மாஸ்க் கருவி அது. தூக்கத்தில் மூச்சு நிற்குமோ என்ற உங்கள் பயத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது, ஆக்சிஜன் குமிழில் இல்லை. தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடக்கும் சி-பேப்பை வாங்கி மாட்டாதீர்கள். அதில் எப்போதும் ஒரே அழுத்தம்தான்.

மல்லாந்தால் வயிறு உதரவிதானத்தை (நுரையீரலுக்கு அடியிலுள்ள மூச்சுத் தசை) மேலே தள்ளும். நல்ல உடம்பிலேயே, மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சும் காற்று அரை லிட்டருக்கு மேல் குறைந்துவிடும். அதற்காகத் தலையணைகளை அடுக்காதீர்கள். கழுத்துதான் மடங்கும், வயிறு அமுங்கும். இடுப்பிலிருந்து முதுகு முழுவதும் 30 முதல் 45 டிகிரி உயர வேண்டும். கீழே வழுக்காமலிருக்க முழங்காலுக்கு அடியில் சின்னத் தலையணை வையுங்கள்.

மூச்சு வாங்கும்போது நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி முன்னால் சாயச் சொல்லுங்கள். காற்று தேங்கித் தட்டையாகிப்போன உதரவிதானம் கொஞ்சம் வளைவு பெறும். கை ஊன்றியிருப்பதால் மார்புத் தசைகளும் உதவும். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடட்டும். வேகமாக ஊதக்கூடாது, ஊதினால் சிறு குழாய்கள் மூடிக்கொள்ளும்.

குப்புறப் படுப்பது கோவிட் நிமோனியா போன்றவற்றுக்குச் சொன்னது. அசந்து கிடப்பவரைக் கவிழ்த்துப் போடாதீர்கள். இடமோ வலமோ, அவருக்கு எது சௌகரியமோ அந்தப் பக்கம் ஒருக்களிக்கட்டும். ஆக்சிஜனுக்கு யாரும் அடிமையாவதில்லை.

கால் வீக்கமும் இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கவேண்டுமா என்று கேளுங்கள். படுத்தால் முட்டும் மூச்சுக்கு இதயமும் காரணமாக இருக்கலாம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும், “சி.ஓ.பி.டி., இரவில் 4 லிட்டர் வைத்தோம்” என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார்களே என்று மறைத்தால், அங்கேயும் முதலில் ஆக்சிஜனைத்தான் கூட்டுவார்கள்.