கிரீஸில் ஊறி வந்த மோசின்: சுடும் முன் என்ன செய்வது?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. பழைய சோவியத் ராணுவ ரைபிள், மோசின்-நாகந்த் 91/30, ஒன்று வாங்கினேன். கட்டை முதல் போல்ட் வரை பழுப்பு நிறப் பிசின் மாதிரி கிரீஸ். கடைக்காரர் "மேலாகத் துடைத்துவிட்டுச் சுடலாம்" என்கிறார். கிளீனிங் கிட் ஒன்றும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கிட்டை இப்போதைக்கு விடுங்கள். மேலாகத் துடைத்துவிட்டுச் சுடுவதையும் விடுங்கள்.

அந்தப் பிசின்தான் காஸ்மோலின். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் சோவியத் ஆயுதக் கிடங்குகளில் இந்த ரைபிள்களைச் செப்பனிட்டு, துரு பிடிக்காமலிருக்க இதைப் பூசி அடுக்கி வைத்தார்கள். அதனால் கிரீஸ் நிறைய இருந்தால் எரிச்சல்படாதீர்கள். அதன் அடியில் இரும்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வெளியே வழிவது கையைத்தான் அழுக்காக்கும். தொல்லை தருவது குழலுக்குள்ளும், தோட்டா உட்காரும் சேம்பரிலும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் வயிற்றிலும் இருப்பதுதான்.

முதலில் போல்ட்டைத் திறந்து, சேம்பரிலும் மேகசினிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் டிரிகரை அழுத்தியபடி போல்ட்டைப் பின்னால் இழுத்தால் கழன்று வந்துவிடும். போல்ட்டைப் பிரிக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின், பின்பக்கத் துண்டோடு திருகாணியாகச் சேர்ந்திருக்கும். திரும்ப மாட்டும்போது அது எவ்வளவு தூரம் திருகப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். பின் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரைத் துளைத்துவிடும், குறைவாக இருந்தால் வெடிக்காது. ராணுவம் கொடுத்த பழைய தட்டைக் கருவி உங்கள் ரைபிளோடு வந்திருந்தால், அதில் 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். 95 வெட்டு பின்னில் படாமல் கடந்து போக வேண்டும், 75 வெட்டு பின்னில் இடிக்க வேண்டும். கருவி வரவில்லை என்றால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், இதற்குச் செலவழிப்பது வீண் இல்லை.

இரும்புப் பாகங்களுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மினரல் ஸ்பிரிட் போதும். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டு, ஒரு பழைய தட்டில் ஊறவிட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும். கழுவி முடித்ததும் துடைத்து லேசாக எண்ணெய் பூசாமல் விட்டால் அந்த வாரமே துரு எட்டிப்பார்க்கும். கட்டைக்கு டெக்சஸ் வெயில் இருக்கவே இருக்கிறது: பேப்பர் டவலில் சுற்றி, கறுப்புக் குப்பைப் பையில் போட்டு வெளியே வைத்தால் கிரீஸ் உருகிப் பேப்பரில் இறங்கும். பேப்பரை மாற்றி மாற்றி வையுங்கள். ஆல்கஹால் மட்டும் கட்டையில் படக்கூடாது. செப்பனிட்டபோது பூசிய ஷெல்லாக் மெருகு கரைந்துபோகும், அதோடு சேகரிப்பாளர் தரும் விலையும் போகும். கட்டையைச் சுரண்டிப் புதிதாக வார்னிஷ் அடிக்கும் ஆசை பலருக்கு வருகிறது; என்னைக் கேட்டால் அது காசு கொடுத்து மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் வேலை.

சேம்பருக்கு வருவோம். "இரண்டு ரவுண்டுக்கு அப்புறம் போல்ட் திறக்கவே இல்லை, சுத்தியலால் தட்டினேன்" என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் பிரச்சினை இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். சேம்பரில் தங்கிய காஸ்மோலின் சுடும் சூட்டில் இளகி, காலித் தோட்டாவைப் பிடித்துக்கொள்கிறது. சேம்பரின் விட்டத்துக்குப் பொருந்தும் பித்தளைப் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை சுழற்றித் தேயுங்கள். குழலையும் போல்ட் பக்கமிருந்து முன்னோக்கியே சுத்தம் செய்யுங்கள். வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டு விட்டு விளிம்பு தேய்ந்த ரைபிள்கள் எத்தனையோ. கடைசியில் உலர்ந்த துணியை ஓட்டி, வெளிச்சத்தை எதிரே பிடித்துக் குழலுக்குள் பாருங்கள். குழலில் கிரீஸோ எண்ணெயோ தேங்கியிருக்கும்போது சுடவே கூடாது, அழுத்தம் ஏறும்.

போல்ட்டிலும் குழலிலும் ஒரே எண் இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். செப்பனிட்டபோது வேறு ரைபிளின் போல்ட்டை மாட்டி, பழைய எண்ணை அடித்துப் புது எண் குத்துவது அங்கே வழக்கம். அதனால் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸை, அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் சேம்பரில் உட்காரும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை, கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டுக்குக் கொடுக்க இருந்த பணம் இங்கே போகட்டும்.

சுடும் இடத்தில் முதல் குண்டு மேலே போனால் குழம்ப வேண்டாம். இந்த ரைபிளின் குறிபார்க்கும் அமைப்பு பயோனெட் (முனையில் மாட்டும் கத்தி) மாட்டிய நிலையில் சரிசெய்யப்பட்டது. அதைக் கழற்றினால் குண்டு விழும் இடம் மாறும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாமல் இதன் பக்கம் போகாதீர்கள், சத்தம் அப்படி.

கேள்வி: அதே கடையில் 440 தோட்டா அடைத்த பழைய தகர டப்பா இருக்கிறது. புது பெட்டிகளைவிட ஒரு தோட்டாவுக்கு மலிவு. எடுக்கலாமா?

பதில்: டப்பாவில் 7.62×54ஆர் என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் உங்கள் ரைபிளின் தோட்டா. 7.62×39, 7.62×51 எல்லாம் வேறு தோட்டா, ஆரம்ப எண் ஒன்றாக இருப்பதில் ஏமாறாதீர்கள். பழைய சோவியத் தோட்டா என்றால் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்ததும் குழலில் உப்பு படியும், அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஹூஸ்டன் புழுக்கத்தில் ஒரு ராத்திரி போதும் துருவுக்கு. உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே குழல், போல்ட் முகம் எல்லாவற்றிலும் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி எண்ணெய் போடுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம் நல்லது என்பார்கள். அதில் வேலை செய்வதும் தண்ணீர்தான், அதற்கென்று தனியாகக் காசு வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யப் பொறுமை உண்டென்றால் எடுங்கள். முதல் முறை சுடுவதற்கு மட்டும் புது தோட்டா ஒரு பெட்டி வாங்குங்கள். ஏதாவது கோளாறு வந்தால் அது ரைபிளிலா தோட்டாவிலா என்ற சந்தேகம் பாதி தீரும். 2021-ல் அமெரிக்க அரசு ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதிகளை நிறுத்தியதிலிருந்து முன்பு கிடைத்த விலை இல்லை. அதனால் விலையை இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் ஒருவர் இந்த ரைபிளை ஒருமுறை சுட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார். தரலாமா?

பதில்: இப்போதைக்குத் தராதீர்கள். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதை மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அவர் அதை எடுத்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்ட பிறகு கூட்டிப் போங்கள். மாட்டினால் பாதிக்கப்படுவது அவர் விசா மட்டுமல்ல, துப்பாக்கியைக் கொடுத்த உங்கள் கிரீன் கார்டும்தான்.