தண்டவாளக் கரன்டில் தெருவிளக்கு எரிக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டை–புனலூர் பழைய மீட்டர் கேஜ் பாதையை வீட்டு மச்சில் எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாடலாகச் செய்துவருகிறேன். பகவதிபுரம் ஸ்டேஷன், குகை, பதிமூணு கண் பாலம் வரை முடிந்துவிட்டது. டிசிசி முறையில் (தண்டவாளக் கரன்டோடு சேர்ந்தே என்ஜினுக்கான கட்டளையும் போகும்) ஓடுகிறது, தண்டவாளத்துக்குக் கரன்ட் தரும் பூஸ்டர் 3 ஆம்பியர். ஸ்டேஷன், டீக்கடை, தெருவிளக்கு என்று 30 குட்டி பல்புகளைத் தண்டவாளத்துக்குப் போகும் வயரிலேயே கோத்துவிட்டேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு என்ஜின் போட்டு ஏற்றத்தில் விட்டால் எல்லாம் அணைந்துவிடுகிறது. 5 ஆம்பியர் பூஸ்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: வாங்காதீர்கள் தம்பி. அந்தக் காசுக்கு இன்னொரு பெட்டி வாங்கி ஓட்டலாம்.

நீங்கள் போட்டிருக்கும் மாதிரி 12 வோல்ட் குட்டி பல்பு ஒன்று சுமார் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். முப்பதுக்கும் சேர்த்தால் ஒன்றரை ஆம்பியர். பூஸ்டரில் பாதியைத் தெருவிளக்கே தின்றுவிடுகிறது. மிச்சத்தில்தான் இரண்டு என்ஜின், கட்டளையைப் புரிந்துகொண்டு சத்தம் போடும் டீகோடர், பெட்டிக்குள் எரியும் விளக்கு எல்லாம் அடங்க வேண்டும். எப்படி அடங்கும்? அதோடு, எச்ஓ தண்டவாளத்தில் பெரும்பாலும் 14 முதல் 16 வோல்ட் வரை போகும். 12 வோல்ட் பல்புக்கு அது அதிகம், சீக்கிரம் பியூஸ் போகும்.

பெரிய பூஸ்டரில் இன்னொரு வம்பு இருக்கிறது. பாயின்ட்டில் (தண்டவாளம் பிரியும் இடத்தில்) ஒரு சக்கரம் இறங்கி ஷார்ட் ஆனால், பூஸ்டர் தன்னை அணைத்துக்கொள்வதற்குள் அந்த இடத்தில் 5 ஆம்பியர் பாயும். பெட்டியின் அடியில் சக்கரம் மாட்டிய போகி பிளாஸ்டிக் உருகியதை நானே பார்த்திருக்கிறேன். இப்போதைய வயரிங்கில் ஒரு என்ஜின் தடம் புரண்டாலே ஊர் முழுக்க இருட்டாகுமே, அதையும் கவனித்தீர்களா? நிஜத்தில் கரன்ட் போவது போதாதா!

வாங்க வேண்டியது ஒரு 12 வோல்ட் அடாப்டரும் ஒரு பாக்கெட் எல்இடியும்தான். 0805 அளவில் (சுமார் 2 மி.மீ. நீளம்), மெல்லிய வயர் பற்றவைத்தே விற்கிறார்கள். வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்குங்கள். கூல் ஒயிட் போட்டால் மீட்டர் கேஜ் காலத்து பகவதிபுரம் புது பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கும். ஒவ்வொரு எல்இடிக்கும் கரன்டைக் கட்டுப்படுத்தும் தனி ரெசிஸ்டர் வேண்டும். 1 கிலோ ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர் ஓடும், கண் கூசும். 2.2 கிலோ ஓம் போட்டால் ஏறக்குறைய 4. டீக்கடைக்கு 4.7 கிலோ ஓமே போதும், 2 மில்லி ஆம்பியரில் அரிக்கேன் விளக்கு மாதிரி மங்கலாக எரியும். எல்லாவற்றுக்கும் 2.2 போட்டாலும் முப்பதும் சேர்ந்து 120 மில்லி ஆம்பியர்தான். உங்கள் பழைய பல்பு இரண்டரை இழுக்கும் அளவுதான்! அதனால் 1 ஆம்பியர் அடாப்டரே தாராளம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அடாப்டர் வயரை வேறு நிறத்தில் இழுங்கள், தண்டவாள வயரோடு எங்கேயும் சேர்க்காதீர்கள்.

கைக் கன்ட்ரோலரிலேயே தெருவிளக்கைப் போட்டு அணைக்க வேண்டுமா? ஆக்சஸரி டீகோடர் (என்ஜினுக்கு வெளியே உள்ள விளக்கு, பாயின்ட் போன்றவற்றுக்கானது) வாங்கலாம். தனி மின்சாரம் கொடுக்க இடம் உள்ளதாகப் பாருங்கள். கட்டளை தண்டவாள வயரிலிருந்து வரும், கரன்ட் அடாப்டரிலிருந்து வரும்.

ஓடும் பெட்டிக்கு மட்டும் தண்டவாளத்தைவிட்டால் வழியில்லை. அங்கே எல்இடியை நேராக இணைக்கக்கூடாது. டிசிசியில் கரன்ட் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறும். எல்இடி பொதுவாக 5 வோல்ட்டுக்கு மேல் தலைகீழ் வோல்டேஜ் தாங்காது. நடுவே கரன்டை ஒரே திசையில் திருப்பும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் ஒன்று போடுங்கள். மினுக்காமல் இருக்க கரன்டைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் வைத்தால், அதோடு 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் சேருங்கள். இல்லாவிட்டால் பத்துப் பெட்டியின் கெப்பாசிட்டரும் ஒரே நேரத்தில் கரன்டை உறிஞ்சும், பூஸ்டர் அதை ஷார்ட் என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: பாயின்ட் மோட்டாருக்காகப் புனலூரில் ஒரு கடையில் வாங்கிய அடாப்டர் பத்தே நாளில் செத்துவிட்டது. விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் கடைக்காரர். (அதே வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கடை கேரளாவில் இருக்கிறதே என்று மலை ஏறி இறங்க வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். பில் பத்திரமாக இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.