காலையில் மட்டும் வரும் ஓவர் கரண்ட்

கேள்வி: எங்கள் ஆலையில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 7.5 கிலோவாட் டிரைவ் ஒன்று பதினோரு வருடமாக ஓடுகிறது. சில வாரங்களாகக் காலையில் 'ரன்' கொடுத்தவுடன் ஓவர் கரண்ட் காட்டி டிரிப் ஆகிறது. நாலைந்து தடவை ரீசெட் செய்தால் ஓடிவிடும், அப்புறம் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. மோட்டார் ஒயரைக் கழற்றிப் பார்த்தாலும் அதே டிரிப். கன்ட்ரோல் போர்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதைவிட முக்கியம், ரீசெட் செய்து செய்து ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். இந்த நிலையில் ஓட்டினால், மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்சான ஐஜிபிடி மாட்யூல் வெடிக்கலாம்.

மோட்டாரைக் கழற்றிப் பார்த்தது நல்ல காரியம். கோளாறு கேபிளிலோ மோட்டாரிலோ இல்லை, டிரைவுக்குள்தான். இன்னொரு துப்பும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 'காலையில் மட்டும்'.

ஐஜிபிடி முழுதாகத் திறந்து கரண்ட்டை விட, அதன் கேட்டில், அதாவது கட்டுப்படுத்தும் முனையில், சுமார் 15 வோல்ட் வேண்டும். அந்த சப்ளையைத் தாங்கி நிற்பது விரல் நுனி அளவுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். வருடக்கணக்கில் சூட்டில் இருந்து உள்ளே உள்ள திரவம் வற்றும். வற்றினால் அதன் உள் தடை, அதாவது ஈஎஸ்ஆர், ஏறும். குளிர்ந்திருக்கும்போது இன்னும் ஏறும். 'ரன்' கொடுத்ததும் 15 வோல்ட் சரிகிறது, ஐஜிபிடி நேரத்துக்குத் திறப்பதில்லை, அதன் மேல் வோல்ட்டேஜ் அப்படியே நிற்கிறது. ஐஜிபிடியை இயக்கும் டிரைவர் ஐசி கவனிப்பது அந்த வோல்ட்டேஜைத்தான். கரண்ட்டே ஓடாவிட்டாலும் 'ஓவர் கரண்ட்' என்று கன்ட்ரோல் போர்டுக்குச் சொல்லிவிடும். போர்டு அதை டிஸ்ப்ளேயில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பவரை நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, டிசி பஸ்ஸை, அதாவது டிரைவுக்குள் இருக்கும் டிசி சப்ளையை, காலியாகிவிட்டதா என்று மீட்டரால் அளந்து பாருங்கள். 400 வோல்ட் சப்ளையில் பவர் இருக்கும்போது பஸ் சுமார் 565 வோல்ட் இருக்கும், அதனால் சார்ஜ் விளக்கு அணைந்ததை நம்பிக் கை வைக்காதீர்கள். அப்புறம் ஹேர் டிரையரால் டிரைவர் பகுதியை இதமாகச் சூடாக்கி, மூடி பவர் கொடுங்கள். முதல் தடவையே ஓடினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். ஒன்றை மட்டும் மாற்றாமல் அந்தப் பகுதியில் உள்ள எல்லாவற்றையும், 105 டிகிரி சூடு தாங்கும் ரகமாக மாற்றுங்கள். கசிந்த திரவம் காப்பர் தடத்தை அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், வெடித்த மாட்யூல் ஒன்றை மாற்றிப் பவர் கொடுத்தேன். புதியதும் வெடித்தது. கேட் சப்ளையை நான் அளக்கவே இல்லை. அன்றிலிருந்து, உள்ளே உள்ள ஆறு ஐஜிபிடியின் கேட்டிலும் பல்ஸ் ஒரே மாதிரி வருவதைப் பார்த்த பிறகுதான் பஸ்ஸை இணைக்கிறேன். அதை ஆசிலோஸ்கோப்பில் பார்க்க, எர்த்தோடு இணைக்காமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் வேண்டும். சாதாரண ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அங்கே மாட்டினால் ஸ்கோப்பும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

கேள்வி: ஐஜிபிடி நன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பாதிதான். பஸ் காலியானதும் மோட்டார் ஒயரைக் கழற்றி டையோடு மோடில், பஸ்ஸின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும், மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ முனைகள் ஒவ்வொன்றுக்கும் இடையில் பாருங்கள். மீட்டர் முனைகளை மாற்றி மாற்றி வைத்தால் ஒரு பக்கம் மட்டும் 0.3 முதல் 0.5 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், ஆறும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் நீங்கள் அளப்பது உள்ளே இருக்கும் டையோடைத்தான். கேட் பழுதானாலும் இந்த அளவு சரியாகவே வரலாம். அதனால் கேட்டுக்கும், ஐஜிபிடியின் இன்னொரு முனையான எமிட்டருக்கும் இடையில் தனியாக ஓம்ஸ் பாருங்கள், ஒன்று மட்டும் மற்ற ஐந்தைவிடக் குறைவாகக் காட்டினால் அந்த மாட்யூலை மறுபடி ஓட்ட வேண்டாம்.