பார்க்கிங் உள்ள மண்டபமா, ஸ்டேஷன் பக்கத்து மண்டபமா?

கேள்வி: எங்கள் சங்க ஆண்டு விழாவுக்கு 400 பேரை எதிர்பார்க்கிறோம். ஊருக்கு வெளியே 100 கார் நிறுத்தும் வசதியோடு ஒரு மண்டபம் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. அங்கே 15 கார்தான் நிற்கும். எதை எடுக்கலாம்?

பதில்: நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். விழா முடிகிற நேரத்தில் ரயில் ஓடுகிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

100 கார் என்றால் நிறையத்தான் தெரியும். காருக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 200 பேர். மீதிப் பேர் எப்படி வருவார்கள்? கார் இல்லாதவர்கள், ஓட்டுவதை நிறுத்திவிட்ட பெரியவர்கள், மாணவர்கள், இரவில் தனியாகத் திரும்ப வேண்டிய பெண்கள் எல்லாம் அழைப்பிதழில் இடத்தைப் பார்த்ததுமே, “யாராவது கூட்டிப்போனால் பார்க்கலாம்” என்று வைத்துவிடுவார்கள். வராதவர்கள் யாரும் உங்களிடம் குறை சொல்லப்போவதில்லை. நாற்காலிகள்தான் காலியாகக் கிடக்கும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்.

கலையும்போதும் வித்தியாசம் தெரியும். 100 கார்களும் ஒரே கேட் வழியாக வெளியேற வேண்டும். ஒரு ரயிலோ சில நூறு பேரை ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போய்விடும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், நகருக்குள் நடந்த போட்டிகளுக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு, கூட்டம் காரில் வராமல் இருக்க, அன்றைய ரயில், பஸ் பயணச் சீட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

ஆனால் ‘பக்கத்தில்’ என்று மண்டபக்காரர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பஸ் நிறுத்தத்துக்கு 400 மீட்டர், ரயில் நிலையத்துக்கு 800 மீட்டர் என்பது நகரத் திட்டமிடலில் வழக்கமாக வைக்கும் நடைக் கணக்கு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். விழா முடிகிற அதே நேரத்தில், ஒரு வயதானவரையும் அழைத்துக்கொண்டு நீங்களே நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நடைபாதை இடையில் அறுந்துபோகிறதா, சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, நிலையத்தில் லிஃப்ட் ஓடுகிறதா? 300 மீட்டரே ஆனாலும் நடுவில் படிக்கட்டுப் பாலம் ஒன்று இருந்தால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த மண்டபம் பக்கத்தில் இல்லை.

கடைசி ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே விழாவை முடித்துவிடுங்கள். நிலையத்தில் எந்த வாசலில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். அந்த 15 கார் இடங்களை நிர்வாகிகள் பிடித்துக்கொள்ள வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கென்று பெயர் எழுதி ஒதுக்கிவிடுங்கள்.