எச்-4 பிள்ளைக்கு 21 ஆகப் போகிறதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எச்-4 என்பது எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசா. நான் வழக்கறிஞர் இல்லை. ஆறு வயதில் அமெரிக்காவுக்குக் கூட்டி வந்த மகள், எங்கள் கிரீன் கார்டு முறை வருவதற்குள் 21 முடிந்து விண்ணப்பத்திலிருந்து விடுபட்டுப் போனதைப் பார்த்த அப்பா. அதன் பிறகு இந்த விதிகளைத்தான் வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். உங்கள் வழக்கில் முடிவெடுக்கும் முன் வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் வந்தவர்களுக்கு டாக்கா பாதுகாப்பு உண்டு என்கிறார்களே, எச்-4-ல் இருக்கும் என் பையனுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. டாக்கா (DACA) என்பது, சின்ன வயதில் வந்து விசா நிலை இல்லாமல் இருப்பவர்களை நாடு கடத்தாமல் தற்காலிகமாக விட்டுவைக்க 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அரசு அறிவித்த ஏற்பாடு, நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்லை. 16 வயதுக்குள் வந்திருக்க வேண்டும், 2007 ஜூனிலிருந்து அங்கேயே இருந்திருக்க வேண்டும், அதோடு 2012-ல் அந்தத் தேதியில் சட்டப்படியான விசா நிலை இருந்திருக்கக் கூடாது. முறையாக விசா வைத்திருந்த நம் பிள்ளைகள் அந்தக் கடைசி நிபந்தனையில்தான் வெளியே நிற்கிறார்கள், இது எனக்கு இன்றும் ஆறவில்லை. தகுதி உள்ளவர்களுக்கும் நிலைமை நன்றாக இல்லை: டெக்சாஸ் வழக்கில் 2021 ஜூலையில் வந்த தீர்ப்புக்குப் பிறகு புதியவர்களுக்கு ஒப்புதல் தருவது நின்றுபோய், ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் நமக்கு எந்தச் சட்டம்தான் இருக்கிறது அண்ணா?

2002-ல் வந்த சிஎஸ்பிஏ (CSPA), அதாவது குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம். 21 தாண்டினாலும் சிலரைக் கணக்கில் இன்னும் "குழந்தை" என்றே வைத்துக்கொள்ளும் சட்டம் அது. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயது என்ன என்று பார்த்து, அதிலிருந்து உங்கள் ஐ-140 (உங்கள் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) எத்தனை நாள் முடிவாகாமல் கிடந்ததோ அத்தனை நாளைக் கழிக்க வேண்டும். உதாரணமாக அன்று வயது 21 வருடம் 8 மாதம், ஐ-140 கிடந்தது 10 மாதம் என்றால் கணக்குப்படி வயது 20 வருடம் 10 மாதம், தப்பித்தான். விசா எண் கிடைத்து ஒரு வருடத்துக்குள் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டுவிட வேண்டும், கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யார் முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணை இருக்கும்: எப்போது விண்ணப்பிக்கலாம் என்று சொல்லும் "தாக்கல் தேதி", எப்போது கிரீன் கார்டு தரலாம் என்று சொல்லும் "இறுதி நடவடிக்கை". 2023 பிப்ரவரியிலிருந்து முன்னதாக வரும் "தாக்கல் தேதி" அட்டவணையை வைத்தே பிள்ளையின் வயதைக் கணக்கிட்டார்கள், நிறையப் பிள்ளைகள் பிழைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு மறுபடி "இறுதி நடவடிக்கை" அட்டவணைதான். பழைய கட்டுரையைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

கேள்வி: ஐ-140-ஐ பிரீமியத்தில் (கூடுதல் கட்டணம் கட்டி விரைவாக) போட்டால் சீக்கிரம் முடியும்தானே?

முடியும், ஆனால் கழிக்கக் கிடைக்கும் நாட்களும் குறைந்துவிடும்! வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் பிரையாரிட்டி தேதி, பெர்ம் (ஐ-140-க்கு முன் கம்பெனி வாங்கும் தொழிலாளர் துறைச் சான்று) தாக்கல் செய்த நாளிலேயே நின்றுவிடுவதால் பிரீமியம் உங்களை வரிசையில் முன்னே தள்ளாது. பதின்வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், கம்பெனி வக்கீல் அவசரப்படும் முன் இதைக் கேளுங்கள். எங்களுக்கு 12 நாளில் ஒப்புதல் வந்தபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். அது எதைத் தின்றது என்பது பிறகுதான் புரிந்தது.

கேள்வி: நான் மதுரை, என் மனைவி பிறந்தது கொழும்பில். இதனால் ஏதாவது பயன் உண்டா?

பெரிய பயன், இன்றே வக்கீலிடம் சொல்லுங்கள்! கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு பிறந்த நாட்டை வைத்துத்தான், பாஸ்போர்ட்டை வைத்து இல்லை. மனைவி பிறந்த இலங்கையின் கணக்கில் குடும்பமே போகலாம், இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை பிறந்த நாட்டை வைத்துப் பெற்றோர் இப்படிச் செய்ய முடியாது.

கேள்வி: எனக்கு 19 வயது, எச்-4. கல்லூரியில் எல்லாரும் இன்டர்ன்ஷிப் போகிறார்கள், நான் போகலாமா?

எச்-4 பிள்ளைக்கு வேலை அனுமதி கிடையாதம்மா, சம்பளத்துக்கு டியூஷன் எடுப்பதும் வேண்டாம். 21-வது பிறந்தநாளோடு எச்-4 முடிந்துவிடும் என்பதால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு இப்போதே மாறுவதுதான் என் யோசனை. மாறினால் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம், படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் ஓபிடி (படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி), ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பாக இருந்தால் மேலும் 24 மாதம். அமெரிக்காவில் இருந்தபடியே மாற்ற மாதக்கணக்கில் ஆகலாம். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய் வாங்குவது சில நேரம் வேகம், ஆனால் பெற்றோருக்குக் கிரீன் கார்டு மனு ஓடுவதால் படிப்பு முடிந்து இந்தியாவுக்குத் திரும்பி வருவாயா என்று துருவிக் கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன், அப்பாவிடம் ஐ-140 ரசீது, ஒப்புதல் கடிதம் இரண்டின் நகலையும் வாங்கி, அந்த இரண்டு தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பார். உனக்குக் கிடைக்கப் போகும் கழிவு அவ்வளவுதான்.