திருச்சியில் இறங்கி மதுரையில் ஏறலாமா?

கேள்வி: திருச்சி, மதுரை விமான நிலையங்களுக்கு இடையே 123 கி.மீ. என்கிறது இணையம். டாக்சிக்காரர் 145 என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே சரி. 123 என்பது வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு. விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாகச் சாலையில் போனால் 145ஐ ஒட்டி வரும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது கணக்குதான். பூதகுடி, சிட்டம்பட்டி சுங்கக் கட்டணம் வாடகையில் சேர்த்தியா என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் காலை 10 மணிக்குத் திருச்சியில் இறங்குகிறார். 3 மணிக்கு மதுரையிலிருந்து பெங்களூரு விமானம். ஐந்து மணி நேரம் போதும்தானே?

பதில்: போதாது. குடியேற்றப் பிரிவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து காரில் ஏறவே 11.15 ஆகிவிடும். சாலையில் இரண்டரை மணி நேரம்; மதுரையைத் தொடும்போது 1.45. உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள், அதாவது 2 மணிக்கு. மிச்சம் கால் மணி நேரம். மேலூர்ப் பக்கம் ஒரு டயர் பஞ்சரானால் அதுவும் போச்சு. தனித்தனி டிக்கெட் என்பதால், தவறவிட்டால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. ஏழு மணி நேரமாவது இடைவெளி இருந்தால்தான் நான் சரி என்பேன்.

திருச்சியிலிருந்தே பெங்களூருக்கு விமானம் இருக்கிறதே! மதுரை டிக்கெட்டில் மிச்சமாவது டாக்சி வாடகைக்கே சரியாகிவிடும். அப்படியும் மதுரைதான் என்றால், ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டில் மண்டேலா நகர் வந்து திரும்பச் சொல்லுங்கள். பொங்கலன்று மட்டும் கூடுதல் கவனம் தேவை. அன்று விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு.

கேள்வி: இரண்டுக்கும் நடுவே நேரடி விமானம் ஏன் இல்லை?

பதில்: ஏ.டி.ஆர். எனும் சிறிய புரொப்பெல்லர் விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். கணக்குப்படி கால் மணி நேரப் பயணம். ஆனால் இரண்டு ஊரிலும் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது; மதுரையோ திருச்சிக்குத் தென்மேற்கே. கிளம்பும்போதும் இறங்கும்போதும் திரும்பியாக வேண்டும். தரையில் ஊர்வதையும் சேர்த்தால் 35, 40 நிமிடம். அதற்கு முன் நிலையத்தில் ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு வேறு. அதற்குள் கார் மேலூரை நெருங்கிவிடும். சென்னை சுற்றிப் போகலாம், 700 கி.மீ. பறந்து 123 கி.மீ. கடக்கும் புண்ணியம் கிடைக்கும்.

கேள்வி: ரயில்?

பதில்: திண்டுக்கல் சுற்றி 155 கி.மீ.; விரைவு ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். இரண்டு பக்கமும் ஆட்டோ பிடிக்க வேண்டும். பெட்டி குறைவாக இருந்தால் மோசமில்லை.

கேள்வி: காரைக்குடிக்காரர்களுக்கு எது பக்கம்?

பதில்: தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. வெளிநாடு என்றால் திருச்சி. நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊர் நெரிசலுக்குள் போகாமலே இறங்கிவிடலாம்.

கேள்வி: மூடுபனியால் மதுரை விமானத்தைத் திருச்சியில் இறக்கிவிட்டால், இறங்கி டாக்சி பிடிப்பதா, காத்திருப்பதா?

பதில்: காத்திருங்கள். மாற்று நிலையம் வரை போக எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள், பதற்றம் வேண்டாம். வெயில் ஏறினால் பனி விலகும். திரும்பிப் பறக்க அரை மணி நேரம் போதும். சரக்கறையில் போட்ட பெட்டியும் நினைத்த நேரத்தில் கைக்கு வராது. விமானிகளின் பணி நேரம் முடிகிறது என்று அறிவித்தால் கதை வேறு. அப்போதும் சொந்தச் செலவில் கிளம்பாமல், நிறுவனம் பேருந்து ஏற்பாடு செய்கிறதா என்று முதலில் கேளுங்கள்.